பாத்ரூம் பிடிகம்பி ஆடுகிறது, அவர் "பார்ப்பம்" என்கிறார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் நம் குடும்பங்களில் வீட்டுத் திருத்த வேலை என்றால் அது அநேகமாக ஆம்பிளையின் பொறுப்பு. கேட்டால் வரும் பதில் "பார்ப்பம்". நன்றாக நடக்கக்கூடியவர்கள் இருக்கும் வீட்டில் அந்தப் "பார்ப்பம்" கொஞ்சம் எரிச்சலோடு கழிந்துவிடும். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காதவர், முழங்கால் தேய்ந்து வோக்கரோடு நடப்பவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆகியோரின் வீட்டில் அது அப்படிக் கழியாது. கசிகிற டாப் என்றால் அவருக்கு வழுக்குகிற தரை. இறுகிப்போன கதவு என்றால் உள்ளே அகப்பட்டுக்கொள்வது.

மனைவிக்கு இயலாமை, கணவர் கவனிப்பதில்லை என்று வைத்துத்தான் எழுதுகிறேன். மறுவளமாக இருந்தாலும் இதே கதைதான்.

திருத்த வேலையை அன்புக்குப் பரீட்சை ஆக்குவது

"என்னில் அக்கறை இருந்தால் சொல்லாமலே செய்திருப்பார்" என்று நினைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது ஒரு வகை. இருபது வருடக் கணக்கையும் அந்த ஒரு டாப்பில் கொண்டுவந்து கொட்டுவது இன்னொரு வகை. இரண்டிலும் டாப் அப்படியே கிடக்கும்.

அவர் ஏன் செய்வதில்லை என்று ஒருதரம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. பல ஆண்களுக்கு ட்ரில் பிடிக்கவே தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கம். சிலருக்குக் கையில் காசில்லை, அதைச் சொல்ல அதைவிட வெட்கம். காலையில் உங்களைக் குளிக்க வார்த்து, வேலைக்குப் போய், இரவு வந்து சமைக்கவும் செய்கிறவருக்கு உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. மனைவியின் உடல்நிலையை மனம் ஏற்றுக்கொள்ளாமல், "சுகமாகி நடந்துவிடுவாய்தானே, பிறகு எதற்குக் கம்பி?" என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. சும்மா சோம்பேறிகளும் இல்லாமல் இல்லை!

காரணம் எதுவானாலும் வேலை நடந்தாக வேண்டும். அவர் மனம் மாறும்வரை கம்பி காத்திருக்கத் தேவையில்லை. அவரோடு உள்ள மனத்தாங்கலை ஒரு பக்கமும் பிடிகம்பியை இன்னொரு பக்கமும் வைத்துவிடுங்கள். முதலாவதைப் பேசித் தீர்க்க வருடங்கள் ஆகலாம். இரண்டாவதைப் பாஸ் (கூலிக்குத் திருத்த வேலை செய்கிறவர்) ஒருவர் அரை நாளில் செய்துவிட்டுப் போய்விடுவார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பது

"இந்த வீட்டில் ஒன்றும் ஒழுங்காக இல்லை" என்றால் கேட்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. சீலிங்கில் ஈரக்கறை, குசினி அலுமாரியின் கதவு, வரவேற்பறைப் பெயின்ட் இவையெல்லாம் கண்ணை உறுத்தும், ஆனால் ஆளை விழுத்தாது. முதலில் கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை உள்ள வழியை மட்டும் எடுங்கள். அந்த வழியில் உங்களை விழுத்தக்கூடியது எது, உள்ளே பூட்டி வைக்கக்கூடியது எது, இருட்டாக்கக்கூடியது எது? அவ்வளவுதான் பட்டியல். மற்றதெல்லாம் அப்புறம்.

கேட்கும்போதும் பொருளையும் நாளையும் சேர்த்துக் கேளுங்கள். "ஏதாவது செய்யுங்கோவன்" என்பதற்குப் பதில் "பார்ப்பம்"தான் வரும். "சனிக்கிழமைக்குள் பாத்ரூம் பல்பை மாற்ற ஏலுமா? ஏலாவிட்டால் கீழ்வீட்டுத் தம்பியைக் கூப்பிடுறன்" என்றால் ஆம் அல்லது இல்லை என்று ஏதோ ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இரண்டாவது வசனத்தை மிரட்டல் மாதிரிச் சொல்லாமல் சாதாரணமாகச் சொல்லுங்கள். அவர் "இல்லை" என்றால் தம்பியைக் கூப்பிட்டும் விடுங்கள். சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் இருந்தால் அடுத்த தடவை அந்த வசனத்துக்கு மதிப்பில்லை.

இன்னொன்று, டொரன்டோவில் இருக்கிற மகனை வீடியோ கோலில் எடுத்து அப்பாவுக்குப் பேச வைப்பது. நம் ஆட்களிடம் இது நிறைய நடக்கிறது. மகன் கத்துவான், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஒரு கிழமைக்கு வீட்டில் பேச்சு இருக்காது. மகனிடம் கேட்க வேண்டியது பாஸுக்குக் கொடுக்கும் கூலி. அதுவும் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு வந்தால் நல்லது.

பாத்ரூமை அரைகுறையாக விடுவது

விழுகிற இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

துவாய் போடும் கம்பியைப் பிடித்து எழும்புவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. அது துவாயின் பாரத்துக்குச் செய்தது, ஆளின் பாரத்துக்கு அல்ல. உறிஞ்சிப் பிடிக்கிற ரப்பர் கைபிடிகள் ஒன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. டைலில் ஈரம், சோப் படிந்தால் பிடி நழுவும், அதுவும் முன்னறிவிப்பு இல்லாமல். முழுப் பாரத்தையும் கொடுக்கிற இடத்தில் அவற்றை நம்பவே வேண்டாம்.

ஏற்கெனவே பூட்டியிருக்கிற கம்பியின் அடித்தட்டைப் பாருங்கள். ஸ்க்ரூவின் கீழே டைலில் மண்ணிறக் கோடு வழிந்திருந்தால் துரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை என்று கடற்கரையோரம் இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றால் இது சீக்கிரமே வரும். கம்பி பளபளவென்று இருக்கும், உள்ளே ஸ்க்ரூ தின்னப்பட்டிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 என்றும் 316 என்றும் தரம் உண்டு. கடலுக்குக் கிட்ட 316 தான் தாக்குப்பிடிக்கும். ஸ்க்ரூவும் அதே தரத்தில் இருக்க வேண்டும், கடையில் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

புதிதாகப் பூட்டுவதற்கு முன் டைலை விரலால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அதன் பின்னால் சாந்து சரியாகப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் துளைத்தால் டைலோடு சேர்ந்து கம்பியும் கையோடு வரும். உள்ளே துளையுள்ள சிமெந்துக் கல்லால் கட்டிய சுவருக்குச் சாதாரண பிளாஸ்டிக் பிளக் போதாது, அந்த வகைச் சுவருக்கென்று உள்ள ஆங்கர் வேண்டும். சுவர் என்ன வகை என்று பாஸிடம் முதலே கேளுங்கள்.

உயரத்தையும் பாஸ் தன் இடுப்பை வைத்துத்தான் தீர்மானிப்பார். தரையில் இருந்து 84 முதல் 91 சென்ரிமீற்றர் என்பது பொதுவான அளவு. ஆனாலும் நீங்கள் கொமேட்டில் இருந்து கையை நீட்டி, கை இயல்பாகப் போய் நிற்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுவதே மேல். பாரிசவாதம் வந்தவர் என்றால் எந்தக் கை வேலை செய்கிறதோ அந்தப் பக்கம். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைப்போம், ஆனால் வலது கை வராதவருக்கு வலப்பக்கம் கம்பி பூட்டிய வீடுகள் இருக்கின்றன.

கதவு. நம் பாத்ரூம் கதவுகள் அநேகமாக உட்பக்கம் திறக்கும். உள்ளே விழுந்தால் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியில் இருப்பவர் தள்ளவும் முடியாது. வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஒரு சின்ன வேலைதான். வெளியே இடமில்லையென்றால் இழுவைக் கதவு. அதுவரை உள்கொண்டியைப் போடாமல் ஒரு திரையைத் தொங்கவிடுங்கள், வெட்கம் பார்க்கிற இடம் இது அல்ல. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மரக்கதவுகள் ஊதி இறுகும். ஒரு கையால் இழுக்கிறவருக்கு அது பூட்டிய கதவு மாதிரித்தான்.

கோபத்தில் தானே ஏறுவது

"சரி, நானே செய்கிறேன்" என்று பிளாஸ்டிக் கதிரையில் ஏறி பல்பு மாற்றப் போகிறவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. இடுப்பு எலும்பு முறிந்தால் போகிற காசுக்கு முன்னால் பாஸின் கூலி ஒன்றுமே இல்லை.

மின்சாரத்திலும் கை வைக்க வேண்டாம். மழை நாட்களில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தால் எங்கோ வயரில் ஈரம் இறங்குகிறது. "கரைச்சல்" என்று அதைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகிற ஆட்களும் இருக்கிறார்கள், கணவர்மார் சிலர் அதற்குத் தலையாட்டியும் விடுகிறார்கள். 230 வோல்ட் ஓடுகிற வீட்டில், ஈரத்தரையில் மெதுவாக நடக்கிற ஒருவருக்கு அந்தச் சுவிட்ச்தான் காவல். அதில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருதரம் அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது பழுது.

பாஸைக் கூப்பிடும்போது

ஒரேயொரு ஸ்க்ரூவுக்காக நல்ல பாஸ் யாரும் வர மாட்டார். டாப் வோஷர், கம்பி, கதவுப் பிணைச்சல் என்று சின்ன வேலைகளைச் சேர்த்து ஒரு நாளைக்கு அழையுங்கள். சாமான்களை நீங்களே வாங்கி வைத்தால் தரம் உங்கள் கையில். ஹார்ட்வெயார் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவுக்குப் போய்வர முடியாவிட்டால் பக்கத்து ஹார்ட்வெயார் கடைக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ஓட்டோவில் எடுப்பிக்கலாம். முழுக் கூலியையும் முதலே கொடுக்க வேண்டாம். கம்பி பூட்டிய பிறகு, அவர் நிற்கும்போதே உங்களுக்கு உதவுகிறவர் யாரையாவது முழுப் பலத்தோடு அதை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டைல் ஓரத்தில் சிலிக்கன் பூசியிருந்தால் 24 மணி நேரம் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்குச் சரிவு போடச் சொன்னால் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற அளவுக்குச் செங்குத்தாகப் போட்டுவிடுவார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. 15 சென்ரிமீற்றர் படிக்கு 180 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். அவ்வளவு இடம் இல்லாத வாசலுக்கு வேறு வழிதான் யோசிக்க வேண்டும், குறுக்கிப் போட்ட சரிவு ஆளைப் பின்னால் கவிழ்த்துவிடும். தேசிய வைத்தியசாலைக்குக் கிளினிக் போகிறவர்கள் அங்குள்ள தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குகிறவர்) வீட்டின் படங்களைக் காட்டிக் கேட்கலாம்.

வாடகை வீடு என்றால் சுவரைத் துளைக்க வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். அவரோடு பேசுகிறவர் எப்போதும் கணவராகவே இருந்தால் உங்கள் தேவை அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கவே மாட்டாது. நீங்களே ஒரு செய்தி எழுதி அனுப்புங்கள், எழுத்தில் இருந்தால் பிறகும் காட்டலாம். தொடர்மாடியில் லிப்ட், வாசற்படி போன்ற பொது இடங்கள் முகாமைத்துவக் குழுவின் பொறுப்பு, அதற்குக் கணவரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

அலட்சியம் வேறாக மாறியதைக் காணாமல் விடுவது

மறதி ஒன்று, வேண்டுமென்றே செய்வது இன்னொன்று. நீங்கள் காசு கொடுத்து வரவழைத்த பாஸைத் திருப்பி அனுப்புவது, சக்கர நாற்காலியை எட்டாத இடத்தில் வைப்பது, ஃபோனை எடுத்துக்கொள்வது, "வெளியே போய் என்ன செய்யப் போகிறாய்" என்று சரிவை உடைத்துப்போடுவது, இவற்றைச் சோம்பல் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கடுமையான மனரீதியான துன்புறுத்தலையும் உள்ளடக்கியது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

வருமானம் குறைந்தவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்தின் உதவித் திட்டங்களுக்கு அவர் மூலம் விண்ணப்பிக்கலாம், மருத்துவச் சான்று கேட்பார்கள். கணவரை எதிர்பார்க்காமல் கிராம உத்தியோகத்தரிடமும் நீங்களே நேராகப் பேசலாம்.

கடைசியாக நாட்காட்டி விஷயம். சித்திரைப் புத்தாண்டுக்குப் பாஸ்மார் ஊருக்குப் போனால் மாதம் முடியுமட்டும் ஆள் பிடிப்பது கஷ்டம். அதன்பின் வெசாக், அதோடு மழை. எனவே டாப், கம்பி, கதவு மூன்றையும் மார்ச் முடிவதற்குள் செய்வித்துவிடுங்கள்.