ஊசியில்லாத எபினெஃப்ரின்: மூக்கு ஸ்பிரேயைச் சரியாக அடிப்பது எப்படி

நிலக்கடலையோ இறாலோ குளவிக்கொட்டோ, கடும் ஒவ்வாமை கிளம்பிவிட்டால் அதைத் தடுத்து நிறுத்தும் முதல் மருந்து எபினெஃப்ரின்தான். நம்மூர் டாக்டர்கள் அட்ரினலின் என்பார்கள். இரண்டும் ஒரே மருந்து. வீட்டில் வைத்துக்கொள்ள வெகுகாலம் அது ஊசியாக மட்டுமே கிடைத்தது. எபிபென் என்ற தானியங்கி ஊசி பையிலேயே இருக்கும், ஆனால் குத்திக்கொள்ளப் பயந்து ‘இன்னும் அஞ்சு நிமிஷம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுவார்கள். அந்தத் தாமதம்தான் உயிரைக் குடிக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்த ‘நெஃபி’ என்ற மூக்கு ஸ்பிரே ஊசிப் பயத்தை நீக்கிவிட்டது. ஆனால் தாமதமும் தப்பாக அடிப்பதும் இதிலும் உண்டு. அந்த இரண்டையும் தவிர்ப்பதற்கான வழிமுறை இது.

யாருக்கு எந்த அளவு

உடல் எடை 30 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 2 மில்லிகிராம் ஸ்பிரே. 15 கிலோவிலிருந்து 30 கிலோவுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு 1 மில்லிகிராம். 2025 மார்ச்சில் 4 வயது முதலான குழந்தைகளுக்கென்று இதற்கு ஒப்புதல் வந்தது. பிள்ளை வளர்ந்து 30 கிலோவைத் தாண்டியதும் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். பள்ளி திறக்கும்போது ஒரு தரம் எடை பார்ப்பது நல்ல பழக்கம்.

தொடையில் போடும் ஊசியில் 0.3 மில்லிகிராம்தான் இருக்கிறது, மூக்கில் மட்டும் ஏன் 2 மில்லிகிராம் என்று பலர் பயப்படுகிறார்கள். எபினெஃப்ரின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து. மூக்கின் சவ்வில் பட்டதும் அங்குள்ள குழாய்களையும் சுருக்கி, தான் உள்ளே போகும் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். அதனால்தான் அளவைக் கூட்டி, கூடவே சவ்வின் செல்களுக்கு இடையிலுள்ள பிணைப்பைச் சற்று நேரம் தளர்த்தும் ஒரு பொருளையும் சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் சேரும் அளவு ஊசி போட்டால் சேரும் அளவுக்கு இணையாக இருக்கிறது. இதை ஒவ்வாமைத் தாக்குதல் இல்லாத, உடல்நலமுள்ள 175 பெரியவர்களிடம் அளந்து பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தார்கள்.

மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்கள், மூக்கு எலும்பு முறிந்தவர்கள், மூக்கில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் இதை வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும். மருந்து சரியாக ஏறாமல் போகலாம். அவர்களுக்கு ஊசியே நம்பகமானது.

எப்போது அடிப்பது

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம் ஆகியவற்றோடு மூச்சிரைப்பு, தொண்டை அடைப்பு, குரல் கம்மல், விடாத வாந்தி, வயிற்றைப் பிசையும் வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அடித்துவிடுங்கள். தெரிந்த ஒவ்வாமைப் பொருளைத் தின்ற பிறகு மூச்சோ ரத்த அழுத்தமோ பாதிக்கப்பட்டால், தோலில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் அடிக்க வேண்டும். தடிப்பு வரட்டும் என்று காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. செட்ரிசின், ஏவில் போன்றவை அரிப்பைத்தான் தணிக்கும். அடைபடும் மூச்சுக்குழாயைத் திறக்காது, சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. மாத்திரை கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம்.

அடிக்கும் முறை

உறையைப் பிரித்து வெளியே எடுங்கள். கட்டைவிரல் அடியிலுள்ள பிளஞ்சரின் (அழுத்தும் தண்டின்) மேல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முனையின் இரு பக்கமும். இதுதான் பிடி. இந்த நிலையில் பிளஞ்சரை அழுத்திப் பார்க்காதீர்கள், இழுக்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரே ஒரு பீச்சல், வெறும் 0.1 மில்லிலிட்டர். ‘வேலை செய்கிறதா’ என்று காற்றில் ஒரு தரம் அடித்தால் அந்தக் கருவி முடிந்தது.

முனையை ஒரு மூக்குத்துளைக்குள், உங்கள் விரல்கள் மூக்கில் முட்டும்வரை நுழையுங்கள். முனை நேராக, நெற்றியைப் பார்த்து இருக்கட்டும். நடுச்சுவரின் பக்கமோ வெளிச்சுவரின் பக்கமோ சாயக்கூடாது. குழந்தை என்றால் தலையை வெடுக்கென்று திருப்பும், ஆகவே பின்தலையை இன்னொரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிளஞ்சரை ஒரே அழுத்தாக, அது சட்டென்று மேலேறிப் பீச்சும்வரை அழுத்துங்கள். தயங்கித் தயங்கி மெல்ல அழுத்தும் வேலை இல்லை இது.

அடித்த பிறகு உறிஞ்சக்கூடாது. பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். தினமும் அலர்ஜிக்கு ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே போடுகிறவர்களின் கை, குலுக்குவது, முதலில் காற்றில் அடித்துப் பார்ப்பது, முனையை வெளிப்பக்கம் சாய்ப்பது, மெல்ல உறிஞ்சுவது என்று பழகிவிட்டிருக்கும். இங்கே அவை ஒன்றுமே கூடாது. உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய் வயிற்றில் இறங்கும். விழுங்கிய எபினெஃப்ரின் குடலிலும் கல்லீரலிலும் சிதைந்துவிடும், பலன் இல்லை. மூக்கைச் சிந்தவும் வேண்டாம். மருந்து கொஞ்சம் வழிந்துவிட்டால் அறிகுறிகளைக் கவனியுங்கள். இரண்டாவது டோஸ் தேவைப்படலாம். சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தாலும் ஸ்பிரேயை அடிக்கலாம், அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

அடித்த நேரத்தை மணி பார்த்துக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: அமெரிக்காவில் 911, பிரிட்டனில் 999, தமிழ்நாட்டில் 108. 5 நிமிடம் கழிந்தும் குறையவில்லை, அல்லது கூடுகிறது என்றால், புதிய கருவியில் இரண்டாவது டோஸ். முதலில் அடித்த அதே மூக்குத்துளையில்தான் அடிக்க வேண்டும், மறுபக்கம் மாற்றக்கூடாது. இதனால்தான் ஒரு பெட்டியில் இரண்டு கருவி வருகிறது. ஒன்றை வீட்டிலும் மற்றதைப் பள்ளியிலும் என்று பிரித்து வைப்பது பெரிய தவறு. இரண்டும் எப்போதும் நோயாளியோடு இருக்க வேண்டும். பள்ளிக்கு வேண்டுமானால் தனிப் பெட்டி.

படுக்க வைப்பது, எழுந்து நிற்கவிடாதது

மருந்து ஏறும் நேரத்தில் ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரட்டும். வாந்தி எடுத்தால் பக்கவாட்டில், கர்ப்பிணி என்றால் இடப்பக்கம். ‘இப்ப பரவாயில்லை’ என்று எழுந்து பாத்ரூமுக்கு நடந்து போவதுதான் ஆபத்து. இந்த நிலையில் திடீரென்று நின்றால் ரத்தம் கால்களில் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வற்றி, அந்த நொடியிலேயே இதயம் நின்றுபோகலாம். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தாலும் நடக்கவிடாமல் ஸ்ட்ரெச்சரில் ஏற்றச் சொல்லுங்கள்.

நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தலை வலிக்கும், மூக்கும் தொண்டையும் எரியும். மருந்து செய்கிற வேலை இது, பயப்பட வேண்டாம். இதய நோய் உள்ளவரானாலும் கடும் ஒவ்வாமையில் எபினெஃப்ரினைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தின் பலன் குறையலாம் என்பதால், அதை ஆம்புலன்ஸ்காரர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். முழுக்கச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்து ஒவ்வாத பொருள் எதையும் தொடாமலே அறிகுறிகள் இரண்டாம் முறை கிளம்புவதுண்டு.

வெயிலும் குளிரும்

20 முதல் 25 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். அவ்வப்போது 50 டிகிரிவரை போனால் தாங்கும். விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் கவனிக்க: மே மாத வெயிலில் நிறுத்தி வைத்த காரின் உள்ளே அந்த 50 டிகிரியையும் தாண்டிவிடும். கைப்பையில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம். விமானத்திலும் கைப்பைதான். உறைய விடக்கூடாது, உறைந்த ஸ்பிரே பீச்சாது. அவசரத்தில் அது இளகட்டும் என்று காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் பணியிலிருக்கும் டாக்டர் இந்தக் கருவியைப் பார்த்திருக்காமல் இருக்கலாம். ‘இத்தனை மணிக்கு மூக்கு வழியாக 2 மில்லிகிராம் அட்ரினலின் கொடுத்தோம்’ என்று சொல்லி, காலிக் கருவியையும் காட்டுங்கள். அடுத்து தொடையில் ஊசி போடலாமா என்பதை அவர் அதை வைத்துத் தீர்மானிப்பார்.

காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, புதிய பெட்டி கைக்கு வந்த பிறகு பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது, யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காமல், ஒரு காகிதத் துண்டின் மேல் அதை அடித்துப் பாருங்கள். பிளஞ்சருக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும், சட்டென்று எப்படி மேலேறுகிறது என்பது பாட்டி முதல் பிள்ளைவரை எல்லோர் கட்டைவிரலுக்கும் தெரிந்துவிடும்.