கோர்ட் சொல்லிடுச்சுன்னு நியூஸ் வந்தா மொதல்ல எதை பாக்கணும்

எங்க பெரியப்பா ரிட்டயர்ட் ஆளு. ஒருநாள் வாட்ஸப்ல "நிலுவைத்தொகையை உடனே வழங்க ஐகோர்ட் அதிரடி உத்தரவு"ன்னு ஒரு நியூஸ் கார்டு வந்துச்சு, அதை பிரிண்ட் எடுத்துகிட்டு காலைலயே பழைய ஆபீசுக்கு கெளம்பி போயிட்டாரு. அங்க யாருக்கும் எதுவும் தெரியல, ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வாடிப்போய் திரும்பி வந்தாரு. அன்னைக்கு ராத்திரி நான் தேடி எடுத்து பாத்தா அந்த உத்தரவு மொத்தமே ஒரு பக்கம் தான், பதில் மனு தாக்கல் பண்ண அரசுக்கு 4 வாரம் டைம் கொடுத்து கேஸை தள்ளி வெச்சிருக்காங்க, அவ்ளோதான். அந்த கோவத்துல தான் இதை எழுதுறேன், ஏன்னா இதை சரிபாக்கறதுக்கு வக்கீலா இருக்கணும்னு அவசியமே இல்ல.

மொதல்ல கார்டுல இருக்கற வினைச்சொல்லை பாருங்க. "கேள்வி", "கண்டனம்", "காட்டம்", "சரமாரி", "கருத்து" இப்படி இருந்தா அது பெரும்பாலும் விசாரணை நடக்கும்போது நீதிபதி வாயால சொன்னது, உத்தரவுல இருக்கும்னு சொல்ல முடியாது. இதுக்கு நம்ம ஊர்லயே பெரிய உதாரணம் இருக்கு. 2021 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னை ஐகோர்ட்ல கொரோனா ரெண்டாவது அலைக்கு தேர்தல் கமிஷன் தான் பொறுப்பு, கொலை கேஸ் கூட போடலாம்ங்கற மாதிரி ஒரு பேச்சு வந்துச்சு, நாடு பூரா தலைப்பு செய்தி ஆச்சு. தேர்தல் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. மே 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்னது ரெண்டு விஷயம்: கோர்ட்ல நடக்கற பேச்சை மீடியா எழுதறதை தடுக்க முடியாது, அதே சமயம் வாய்மொழியா சொன்னது உத்தரவோட பகுதியே இல்ல, அதனால அதை நீக்கறதுங்கற கேள்வியே வரல. ரெண்டையும் சேத்து புரிஞ்சுக்கணும். அந்த நியூஸ் பொய் இல்ல, ஆனா அதை வெச்சு யாரும் யார் மேலயும் கேஸ் போட முடியாது.

அடுத்து "நோட்டீஸ்". சுப்ரீம் கோர்ட் நோட்டீஸ் அனுப்புச்சுன்னா எதிர் தரப்பை பதில் சொல்ல கூப்பிட்டிருக்காங்கன்னு தான் அர்த்தம். மனு போட்டவர் ஜெயிச்சிட்டார்னு கொண்டாடறது ரொம்ப அவசரம். "தீர்ப்பு ஒத்திவைப்பு"ன்னு போட்டா கேஸை இழுத்தடிக்கறாங்கன்னு நெறைய பேர் திட்டறாங்க, உண்மையில ரெண்டு பக்க வாதமும் முடிஞ்சு தீர்ப்பு எழுத எடுத்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். "தடை"யும் "ரத்து"ம் ஒண்ணு இல்ல. தடைன்னா கேஸ் முடியற வரைக்கும் அந்த சட்டமோ உத்தரவோ நிறுத்தி வைக்கப்படுது, மறுபடி உயிர் வரலாம். வேளாண் சட்டங்களுக்கு 2021 ஜனவரி 12ல சுப்ரீம் கோர்ட் போட்டது தடை தான், அந்த சட்டங்கள் ஒழிஞ்சது அந்த வருஷ கடைசியில பார்லிமென்ட் தனியா ஒரு சட்டம் போட்டு வாபஸ் வாங்கினப்ப.

"தள்ளுபடி"யும் கவனமா பாக்கணும். அப்பீல் பண்ண அனுமதி கேக்கற மனுவை சுப்ரீம் கோர்ட் காரணம் எதுவும் சொல்லாம ஒரே வரியில தள்ளுபடி பண்ணா, கீழ் கோர்ட் சொன்ன எல்லாத்தையும் சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சுன்னு ஆகாது. இது 2000ல வந்த தீர்ப்புலயே தெளிவா சொன்ன விஷயம், இன்னைக்கும் "சுப்ரீம் கோர்ட்டே உறுதி செஞ்சது"ன்னு தலைப்பு போட்டுகிட்டு தான் இருக்காங்க.

சரி, ஒரிஜினலை எங்க எடுக்கறது. நியூஸ்ல கேஸ் நம்பர் இருந்தா வேலை சுலபம், இல்லைன்னா மனுதாரர் பேரு, எந்த கோர்ட், எந்த தேதி இந்த மூணையாவது தேடுங்க. இந்த மூணும் இல்லாத கார்டை நான் நம்பறதே இல்ல, "நீதிமன்றம் உத்தரவு"ன்னு மொட்டையா போட்டா எந்த நீதிமன்றம்? சுப்ரீம் கோர்ட் சைட்லயும் சென்னை ஐகோர்ட் சைட்லயும் கேஸ் நம்பர், பேரு வெச்சு தேடலாம், மாவட்ட கோர்ட்டுக்கு இ-கோர்ட்ஸ் ஆப் இருக்கு, ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த சிஎன்ஆர் நம்பர் உண்டு, அதை போட்டா கேஸ் எந்த நிலையில இருக்குன்னு வந்துடும். சென்னை ஐகோர்ட் கேஸ் நம்பர்ல எம்டின்னு (MD) இருந்தா அது மதுரை கிளை, இதை விட்டுட்டு தேடி கெடைக்கலன்னு சொன்னவங்க நெறைய. முக்கியமான தீர்ப்புகளை படிக்க சுப்ரீம் கோர்ட்டோட இ-எஸ்சிஆர்ங்கற ஆன்லைன் தீர்ப்பு தொகுப்பு 2023 ஜனவரில இருந்து ஃப்ரீயா இருக்கு, சில தீர்ப்புகள் தமிழ்லயும் கெடைக்குது. மொழிபெயர்ப்பு புரிஞ்சுக்க மட்டும் தான், சந்தேகம் வந்தா இங்கிலீஷ் காப்பியை பாருங்க.

பிடிஎஃப் 200 பக்கம் இருக்கேன்னு பயப்படாதீங்க. நேரா கடைசிக்கு போங்க. மனு அனுமதிக்கப்படுதா, தள்ளுபடியா, யார் என்ன செய்யணும், எத்தனை நாள்ல செய்யணும், எல்லாம் பெரும்பாலும் கடைசி ரெண்டு மூணு பாராவுல இருக்கும். நடுவுல வர்ற பக்கங்கள்ல முதல்ல மனுதாரர் வக்கீல் சொன்னது, அப்புறம் எதிர் தரப்பு சொன்னது வரும், அதுல இருந்து ஒரு பாராவை வெட்டி "கோர்ட் சொன்னது"ன்னு போடறவங்க இருக்காங்க. இது எனக்கு ரொம்ப வேதனையான விஷயம், ஏன்னா எழுத்து ஒரிஜினல், சீல் ஒரிஜினல், ஆனா சொன்னது கோர்ட்டே இல்ல.

எத்தனை நீதிபதிங்க, யார் எந்த பக்கம்னும் பாருங்க. பணமதிப்பிழப்பு கேஸ்ல 2023 ஜனவரி 2ஆம் தேதி தீர்ப்பு 4க்கு 1. நீதிபதி நாகரத்னா அது சட்டப்படி செல்லாதுன்னு எழுதினாங்க, மத்த நாலு பேரும் செல்லும்னு சொன்னாங்க. "பணமதிப்பிழப்பு செல்லாது, சுப்ரீம் கோர்ட் நீதிபதி"ன்னு ஒருத்தர் போட்டா ஒரு வார்த்தை கூட பொய் இல்ல, படிக்கறவங்க மனசுல நிக்கறது மட்டும் தீர்ப்புக்கு நேர் எதிரா இருக்கும். மாறுபட்ட தீர்ப்பை தாராளமா படிங்க, பகிருங்க, அது மாறுபட்ட தீர்ப்புன்னு மேல எழுதிட்டு பகிருங்க.

புது சட்டம் பத்தின செய்திக்கும் இதே கதை தான். மசோதா நிறைவேறுச்சுன்னா நாளைக்கே அமல்னு கெடையாது, ஜனாதிபதி இல்லன்னா கவர்னர் ஒப்புதல் வரணும், நெறைய சட்டத்துல எந்த தேதியில இருந்துன்னு அரசிதழ்ல தனியா அறிவிப்பும் வரணும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1ல அமலுக்கு வந்துச்சு, ஆனா ஆக்சிடென்ட் பண்ணி ஆள் செத்து, தகவல் சொல்லாம ஓடினா 10 வருஷம் வரை ஜெயில்ங்கற 106(2) பிரிவை மட்டும் அன்னைக்கு அமலுக்கு கொண்டு வரல, லாரி டிரைவர்கள் போராட்டத்துக்கு அப்புறம் அதை நிறுத்தி வெச்சாங்க. சட்ட புக்ல அந்த பிரிவு அச்சாகி இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து போட்டு டிரைவர்களை பயமுறுத்தினா என்ன பண்றது? அதனால அரசிதழ் அறிவிப்பை தேடுங்க.

இதுக்கு எதிர் பக்கமும் இருக்கு. ஆன்லைன்ல புண்படுத்தற மாதிரி எழுதினா தண்டனைன்னு இருந்த ஐடி சட்டம் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24ல சுப்ரீம் கோர்ட் மொத்தமா ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறமும் போஸ்ட் போட்டதுக்கு அந்த பிரிவுல கேஸ் போட்டுகிட்டே இருந்தாங்க, 2022 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுபடியும் இனி யார் மேலயும் இதுல வழக்கு நடத்தக்கூடாதுன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. யாராவது உங்களை 66ஏல உள்ள தள்ளுவேன்னு மிரட்டினா அந்த தேதியை சொல்லுங்க, எஃப்ஐஆர்லயே அந்த பிரிவு இருந்தா தாமதிக்காம ஒரு வக்கீலை பாருங்க.

குடும்ப க்ரூப்ல யாராவது தப்பான கார்டு போட்டா "ஃபேக்"னு ஒத்த வார்த்தையில அடிக்காதீங்க, பெரியவங்களுக்கு அது அவமானமா தெரியும், அடுத்த தடவை உங்களுக்கு காட்டாமலே மத்தவங்களுக்கு அனுப்பிடுவாங்க. உத்தரவோட கடைசி பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கேஸ் நம்பரும் தேதியும் எழுதி, "பெரியப்பா, இதுல 4 வாரம் டைம் தான் கொடுத்திருக்காங்க, அடுத்த விசாரணை தேதி வந்ததும் நான் பாத்து சொல்றேன்"னு போடுங்க. சொன்ன தேதிக்கு மறக்காம பாத்தும் சொல்லுங்க.