தளத்துக்குப் போகாமலே படிக்கலாம்: செய்தியோடை அமைக்கும் முறை

குக்கீக்குச் சம்மதம் கேட்டு ஒரு பெட்டி, அறிவிப்பு அனுப்பட்டுமா என்று இன்னொன்று, இரண்டையும் மூடிவிட்டுப் படிக்கத் தொடங்கினால் வரிகளைக் கீழே தள்ளிக்கொண்டு ஒரு விளம்பரம். நாலு பத்தி படிக்க இவ்வளவு பாடு. செய்தியோடையில் இந்தத் தொல்லை கிடையாது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளைச் செயலிகள் படிக்கும் வடிவில் தரும் பட்டியல் அது; ஆர்எஸ்எஸ் என்பது அதன் பரவலான வடிவம். தலைப்பு, தேதி, உரை, படம் அடங்கிய வெறும் எக்ஸ்எம்எல் கோப்பு; பெட்டி திறக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அங்கே வேலையில்லை.

ஓடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடியதும் ஆர்எஸ்எஸ்ஸின் கதை முடிந்தது என்று பலர் நினைத்துவிட்டார்கள். பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் மாதிரித் திரட்டிகளுக்குத் தீனி போட்ட அதே ஓடைகளை, வலைப்பதிவுச் சேவைகளான வேர்ட்பிரஸும் பிளாக்கரும் இன்றும் தந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஓடைகளைப் படிக்க ஆண்ட்ராய்டில் ஃபீடர் செயலி போதும். இலவசம், கணக்கும் தொடங்க வேண்டாம். பிளே ஸ்டோரில் இதே பெயரில் வேறு செயலிகளும் கிடக்கின்றன. குழப்பமாக இருந்தால் கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு கடையிலிருந்து இறக்குங்கள். ஐபோனுக்கு நெட்நியூஸ்வயர்.

ஃபீடரில் மூன்று புள்ளியைத் தொட்டு, ஓடை சேர்க்கும் இடத்தில் தளத்தின் முகவரியை ஒட்டித் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதுவே ஓடையைக் கண்டுபிடித்துவிடும். சிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளமானால் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ‘ஃபீட்’ என்றும், பிளாக்கரானால் ‘ஃபீட்ஸ்’, ‘போஸ்ட்ஸ்’, ‘டிஃபால்ட்’ என்ற மூன்றையும் இடையிடையே சாய்கோடு போட்டும், ஆங்கில எழுத்தில் சேர்த்துப் பாருங்கள். யூடியூப் சேனலுக்கும் ஓடை உண்டு: கடைசி 15 காணொளிகள் வரும், பரிந்துரைகள் வராது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வேர்ட்பிரஸ் தளத்தைத் தேடினால் இரண்டு ஓடைகள் தெரியலாம். ஒன்று பதிவுகளுக்கு, மற்றது பின்னூட்டங்களுக்கு. அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டால் கட்டுரையே வராது, “அருமை”, “நன்றி ஐயா” என்று மட்டும் வந்துகொண்டிருக்கும். பிளாக்கரில் ஆர்எஸ்எஸ், ஆட்டம் என்று இரண்டு வடிவங்கள் காட்டினால் உள்ளடக்கம் ஒன்றுதான். ஏதாவது ஒன்று போதும்.

பிபிசி தமிழ் போன்ற செய்தித் தளங்களின் ஓடையில் தலைப்பும் ஒரு வரிச் சுருக்கமும்தான் இருக்கும். அந்த ஓடையைத் திருத்தும் பக்கத்தில், முழுக் கட்டுரையையும் எடுத்துவரும் தெரிவை இயக்குங்கள். ஃபீடர் தளத்துக்குப் போய் உரையை மட்டும் பிரித்தெடுத்து வரும். சந்தா கட்டிப் படிக்கும் தளங்களில் இது பலிக்காது.

புதுப்பிக்கும் இடைவெளியைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள். கால் மணிக்கொரு தரம் பார்க்கவேண்டிய அவசரம் எந்த வலைப்பதிவிலும் இல்லை. டேட்டா சிக்கனம் வேண்டுமானால் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கச் சொல்லலாம். புதிதாக எதுவுமே வராமல் நின்றுபோனால் முதலில் தளத்தைச் சந்தேகிக்காதீர்கள்: போனின் பேட்டரி சேமிப்பு பின்னணி வேலையை நிறுத்தியிருக்கும். போன் அமைப்புகளில் ஃபீடருக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

பத்து ஓடைகளோடு தொடங்குங்கள். ஒரே நாளில் பக்கம் பக்கமாகக் கொட்டும் நாளிதழைச் சேர்த்தால், மாதம் ஒன்று எழுதுபவரின் பதிவு அதற்குள் புதைந்துபோகும். அந்தத் தளம் பகுதிவாரியாக ஓடை தந்தால் வேண்டிய பகுதியை மட்டும் எடுங்கள்.

கணக்கு இல்லாததால் போன் தொலைந்தால் பட்டியலும் போய்விடும். எல்லாம் சேர்த்து முடித்ததும் அதே மூன்று புள்ளிக்குள் ஓடைப் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். நெட்நியூஸ்வயரும் கணினியில் தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலியும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.