கெஸ்ட்டை அணைக்காமல் கியூஎமுவைப் புதுப்பித்தல்: கருவிகளின் நிலையைக் கைமாற்றும் முறை

லினக்ஸ் ஹோஸ்ட்டில் (மெய்நிகர் இயந்திரங்களைத் தாங்கும் உண்மையான கணினியில்), அவற்றை ஓட்டும் மென்பொருளான கியூஎமுவின் தொகுப்பைப் புதுப்பித்துவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரமும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டதாகத் தொடக்கத்தில் பலரும் எண்ணிவிடுகிறார்கள். வட்டில் உள்ள கோப்புதான் மாறியிருக்கும். ஓடும் செயல்முறை பழைய நிரலையே பிடித்துக்கொண்டிருக்கும். கியூஎமுவுக்குக் கட்டளை கொடுக்கும் இடமான மானிட்டரில் ‘இன்ஃபோ வெர்ஷன்’ என்று கேட்டுப் பாருங்கள், பழைய எண்ணே வரும். கெஸ்ட்டை, அதாவது அந்த மெய்நிகர் இயந்திரத்தை, அணைக்காமல் மாற்ற வேண்டுமானால், அதே ஹோஸ்ட்டில் புதிய கியூஎமு ஒன்றைத் தொடங்கி, பழையதன் நிலையை அதனிடம் ஒப்படைக்க வேண்டும்.

எந்த நிலை என்பதை முதலில் புரிந்துகொள்வோம். கெஸ்ட்டின் ரேம் அளவில் பெரியது, ஆனால் அதைக் கைமாற்றுவது எளிது. சிக்கல் முழுவதும் கெஸ்ட்டுக்காகக் கியூஎமு உருவாக்கித் தரும் மெய்நிகர் கருவிகளுக்குள் இருக்கும் சில கிலோபைட்டுகளில்தான் இருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ வகை நெட்வொர்க் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். கெஸ்ட்டின் டிரைவர் 256 இடங்கள் கொண்ட ஒரு வளையத்தில் பஃபர்களை (தரவுக்கான நினைவகத் துண்டுகளை) வரிசையாக வைக்கிறது. கருவி தான் எதுவரை எடுத்துவிட்டோம் என்பதை ஒரு 16 பிட் எண்ணாக நினைவில் வைக்கிறது. அந்த எண் 300 என்றால் அடுத்து எடுக்க வேண்டியது வளையத்தின் 44ஆம் இடம். வளையம் ரேமில் இருக்கிறது, எண்ணோ கியூஎமுவுக்குள் இருக்கிறது. எண் தொலைந்து 0 ஆகிவிட்டால், டிரைவர் ஒரே தாவலில் 300க்குப் போய்விட்டதாகக் கியூஎமு கருதி, கருவி பழுதானதாகக் குறித்துவிடும். கெஸ்ட்டின் நெட்வொர்க் அத்தோடு நின்றுபோகும்.

முன்னேற்பாடு கெஸ்ட்டை முதன்முதலில் தொடங்கும்போதே செய்யப்பட்டிருக்க வேண்டும். அதன் ரேமை ‘/டெவ்/ஷ்ம்’ அடைவில் உள்ள ஒரு கோப்பாக, பகிர்வு அனுமதியுடன் அமைத்திருந்தால், இரண்டு செயல்முறைகளும் அதே நினைவகத்தைப் பார்க்கும். எதையும் நகலெடுக்க வேண்டியதில்லை. அப்படி அமைக்காவிட்டாலும் வேலை நடக்கும், ஆனால் ரேம் முழுவதும் நகலாகும் வரை ஹோஸ்ட்டில் இரட்டிப்பு இடம் தேவைப்படும்.

இனி புதிய கியூஎமுவைத் தொடங்கும் கட்டளை. பழைய கட்டளையை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து, முதலில் மானிட்டர் சாக்கெட்டின் (செயல்முறைகள் பேசிக்கொள்ளும் இணைப்புப் புள்ளியின்) பெயரையும், கெஸ்ட்டின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் விஎன்சி போர்ட்டையும் மாற்றுங்கள். கெஸ்ட்டின் நெட்வொர்க்கை ஹோஸ்ட்டுடன் இணைக்கும் டேப் இடைமுகத்தை ஒரே நேரத்தில் இருவர் திறக்க முடியாது என்பதால், அது இணைந்திருக்கும் அதே பிரிட்ஜில் (ஹோஸ்ட்டின் மெய்நிகர் ஸ்விட்ச்சில்) இன்னொரு டேப்பைச் சேர்த்துக் கொடுங்கள். எல்லோரும் சறுக்கும் இடம் இயந்திர வகை, அதாவது கெஸ்ட்டுக்குக் காட்டப்படும் மதர்போர்டின் மாதிரி. வெறுமனே ‘கியூ35’ என்று எழுதினால் ஒவ்வொரு பதிப்பும் தன் புதிய வகையையே எடுத்துக்கொள்ளும்; 8.2இல் தொடங்கிய கெஸ்ட்டுக்குப் புதிய கட்டளையில் ‘பிசி-கியூ35-8.2’ என்று முழுப் பெயரையே எழுத வேண்டும். இறுதியில் ‘-இன்கமிங் டிஃபர்’ சேர்த்தால் புதியது கெஸ்ட்டை ஓட்டாமல் காத்திருக்கும்.

இரண்டு மானிட்டர்களிலும், பகிர்ந்த ரேமை நகலெடுக்காமல் விடும் ‘எக்ஸ்-இக்னோர்-ஷேர்ட்’ திறனை இயக்குங்கள். முன்னால் உள்ள ‘எக்ஸ்’ இது சோதனை நிலையில் உள்ள வசதி என்பதைக் குறிக்கிறது, ஆகவே முக்கியமில்லாத கெஸ்ட் ஒன்றில் முதலில் பழகிக்கொள்வது நல்லது. பின்னர் புதியதில் ‘மைக்ரேட்_இன்கமிங்’ கட்டளையுடன் ஒரு யூனிக்ஸ் சாக்கெட் முகவரியைக் கொடுத்து, பழையதில் ‘மைக்ரேட்’ கட்டளையுடன் அதே முகவரியைக் கொடுங்கள். (இரு பக்கமும் 2025இல் வந்த 10.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருந்தால், இதற்கென்றே உருவான ‘சிபிஆர்-டிரான்ஸ்ஃபர்’ முறையைப் பார்க்கலாம்.)

முடிந்ததும் ‘இன்ஃபோ ஸ்டேட்டஸ்’ கேளுங்கள். பழையது ‘போஸ்ட்மைக்ரேட்’ என்று நின்றிருக்க வேண்டும், புதியது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த நிலையில் பழையதில் ‘கான்ட்’ (நின்ற கெஸ்ட்டை மறுபடி ஓடவிடும் கட்டளை) என்று தட்டவே கூடாது: ஒரே வட்டிலும் ஒரே ரேமிலும் இரண்டு இயந்திரங்கள் எழுதத் தொடங்கினால் கோப்பு முறைமை சிதைந்துவிடும். ‘குவிட்’ கொடுத்துப் பழையதை மூடிவிடுங்கள்.

புதிய செயல்முறை ‘அன்னோன் சேவ்விஎம் செக்‌ஷன்’ என்று சொல்லி நின்றுவிட்டால், அந்தச் செய்தியிலேயே பெரும்பாலும் ஒரு பிசிஐ முகவரி (கருவி பொருத்தப்பட்ட இடத்தின் எண்) இருக்கும். அந்த முகவரியில் பழைய பக்கத்தில் இருந்த கருவி புதிய கட்டளையில் இல்லை அல்லது வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது என்று பொருள். புதிய செயல்முறை முற்றிலும் மறைந்துவிட்டதை உறுதிசெய்த பிறகு மட்டும் பழையதில் ‘கான்ட்’ கொடுத்துக் கெஸ்ட்டை ஓடவிட்டு, அந்தக் கருவிக்கு முகவரியை வெளிப்படையாக எழுதி மறுபடி தொடங்குங்கள்.