முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள்: அல்டிமேட்டில் தாக்குதல் பிளே அமைப்பது எப்படி

அல்டிமேட் என்பது அணிக்கு ஏழு பேர் பறக்கும் தட்டை (டிஸ்க்) ஒருவருக்கொருவர் எறிந்து முன்னேறி, மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனில் பிடித்து கோல் போடும் ஆட்டம். புதிதாக அணி சேர்ப்பவர்கள் பிளே (தாக்குதல் திட்டம்) வரையும்போது டிஸ்க் எங்கே போகும் என்றுதான் முதலில் அம்புக்குறி போடுகிறார்கள். அதற்கு முன்னால் வேறொன்றை எழுதுங்கள்: டிஸ்க் போக வேண்டிய இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள், அவர்களை எப்படிக் கிளப்புவது? டிஸ்க்கை வைத்திருப்பவர் ஓட முடியாது, எதிரில் காவல் நிற்கும் டிஃபெண்டரான மார்க்கர் 10 எண்ணுவதற்குள் (இந்த எண்ணிக்கைதான் ஸ்டால்) எறிந்தாக வேண்டும், ஆகவே பிளே முழுக்க மற்ற ஆறு பேரின் கால்களில்தான் இருக்கிறது. அதில் ஒருவர் டிஸ்க்கை வாங்குவார். மீதி ஐந்து பேரும் தங்கள் டிஃபெண்டரை அந்த இடத்துக்கு வரவிடாமல் வைத்திருக்க வேண்டும்.

வெர்ட்டிகல் ஸ்டாக்கில், அதாவது மைதானத்தின் நீளவாட்டில் ஒருவர் பின் ஒருவராக நிற்கும் வரிசையில், தொடங்குவது நல்லது. மைதானம் 37 மீட்டர் அகலம், ஐந்து கட்டர்களும் (டிஸ்க்கை வாங்க ஓடுபவர்கள்) நடுவில் ஒரே வரிசையில் நின்றால் இரண்டு பக்கமும் 18 மீட்டருக்குக் கொஞ்சம் கூடவே காலியாகக் கிடைக்கும். வரிசையின் முதல் ஆள் டிஸ்க்கிலிருந்து 12 மீட்டராவது தள்ளி நிற்கட்டும், நெருங்கி நின்றால் உள்ளே, அதாவது டிஸ்க்கை நோக்கி, வரும் கட்டுக்கு (டிஸ்க்கை வாங்க எடுக்கும் திடீர் ஓட்டம்) இடமே இருக்காது. மார்க்கர் ஒரு பக்கத்தை மறைத்து, ஃபோர்ஹேண்ட் பக்கமாகவே எறியும்படி ஃபோர்ஸ் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம், அதுதான் ஓப்பன் சைடு, அவர் மறைக்கும் பக்கம் பிரேக் சைடு.

இப்போது வரிசையின் கடைசி ஆள் ஓப்பன் சைடில் டிஸ்க்கை நோக்கி வேகமாக வருகிறார். அவருடைய டிஃபெண்டர் கூடவே வந்தால் பின்னால் காவலுக்கு ஆளே இல்லை. வராமல் அங்கேயே நின்றுவிட்டால் நம் ஆள் தனியாக டிஸ்க்கை வாங்குவார். எறிபவர் கையிலிருந்து டிஸ்க் கிளம்பும் அதே நொடியில் கடைசிக்கு முந்தையவர் டீப், அதாவது எண்ட் ஸோன் பக்கமாகத் தூரம், ஓட வேண்டும். உள்ளே வந்தவர் பிடித்துத் திரும்பும்போது இவர் முழு வேகத்தில் இருப்பார், மார்க்கரும் இன்னும் வந்து நின்றிருக்க மாட்டார். பிடித்தபிறகு ஓடலாம் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். இந்த ஒரு பிளேயை மட்டும் நன்றாகப் பழகிய அணி, பத்து பிளே மனப்பாடம் செய்த அணியைவிட மேல் என்பது என் கருத்து.

கட் எடுப்பது எப்படி? உள்ளே வர வேண்டும் என்றால் முதலில் மூன்று நான்கு காலடி உண்மையாகவே டீப் ஓடுங்கள். டிஃபெண்டரின் இடுப்பு திரும்பும் வரை ஓட வேண்டும், சும்மா தோளை ஆட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். அப்புறம் காலடியைச் சிறிதாக்கி, உடலைத் தாழ்த்தி, காலை ஊன்றித் திரும்புங்கள். வளைந்து திரும்பினால் டிஃபெண்டர் உள்பக்கமாக வந்து புகுந்துவிடுவார். டிஸ்க் வரும்போது நின்று வாங்காதீர்கள், அதை நோக்கி ஓடிக்கொண்டே இரண்டு கையாலும் பிடியுங்கள். எறிபவர் நிமிர்ந்து மைதானத்தைப் பார்ப்பதற்கு முன்பே கட் எடுத்தால் எவ்வளவு வேகமாக ஓடியும் பயனில்லை.

டிஸ்க் வரவில்லையா? உடனே விலகுங்கள். பெரும்பாலான பிளே கெட்டுப்போவது இங்கேதான்: ஓடி வந்தவர் கையை நீட்டிக்கொண்டு ஓப்பன் சைடிலேயே நிற்பார், அடுத்து வருபவருக்கு வழி அடைபட்டிருக்கும். ஓரக்கோட்டை ஒட்டியோ பிரேக் சைடு வழியாகவோ, அதுவும் ஓட்டமாகவே, ஸ்டாக்கின் பின்பக்கம் போய்ச் சேருங்கள். மெதுவாக நடந்தால் உங்கள் டிஃபெண்டர் அடுத்தவருக்கு வரும் டிஸ்க்கைத் தட்டிவிடுவார்.

ஸ்டால் ஐந்து, ஆறு வந்ததும் ஹேண்ட்லர் (டிஸ்க்கை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) முன்பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டு டம்ப் (பக்கத்திலோ பின்னாலோ எளிதான பாஸுக்கு நிற்பவர்) பக்கம் திரும்பட்டும். டம்ப் யார், எங்கே நிற்பார் என்பதையும் பிளேயோடு சேர்த்தே வரையுங்கள்.

ஹரிசாண்டல் ஸ்டாக்கில் மூன்று ஹேண்ட்லர், நான்கு கட்டர். கட்டர்கள் அகலவாட்டில் பரவி நிற்பார்கள். நடுவில் இருக்கும் இருவரில் ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் டீப் போக வேண்டும், ஓரத்து இருவர் அவர்கள் வேலை முடியும் வரை கோட்டை ஒட்டியே நிற்க வேண்டும்.

எண்ட் ஸோனுக்கு அருகில் விஷயம் மாறும். டீப் என்று ஒன்று இல்லை, ஆழம் வெறும் 18 மீட்டர். ஸ்டாக்கை எண்ட் ஸோனுக்குள் நடுவில் வையுங்கள். முன் ஆள் ஓப்பன் சைடு மூலைக்கு ஓடட்டும். கிடைக்கவில்லை என்றால் டம்ப்புக்குக் கொடுத்து டிஸ்க்கைப் பிரேக் சைடுக்கு மாற்றுங்கள். டம்ப் அந்தத் திசையில் ஓடிக்கொண்டே வாங்கினால், அடுத்து நிற்கும் கட்டர் பிரேக் சைடு மூலைக்குப் போகும்போது அவருடைய டிஃபெண்டர் தப்பான பக்கத்தில் மாட்டியிருப்பார். எனக்கு மிகவும் பிடித்த கோல் இதுதான்.

பெசன்ட் நகர் மாதிரி மணலில் ஆடுபவர்களுக்கு: பீச் அல்டிமேட்டில் ஐந்து பேர்தான், மைதானம் 75க்கு 25 மீட்டர். இரண்டு ஹேண்ட்லர், மூன்று கட்டர் போதும். மணலில் காலை ஊன்றித் திரும்புவது கடினம், அதனால் கட்டைச் சுருக்கமாக வையுங்கள், ஒரு பிளேயில் இரண்டு எறிதலுக்கு மேல் திட்டமிட வேண்டாம். மாலையில் கடல் காற்று பக்கவாட்டில் அடித்தால் டீப்பைக் குறைத்துக்கொண்டு குட்டைப் பாஸ்களாகவே முன்னேறுங்கள்.

பயிற்சியில் முதலில் டிஃபென்ஸ் இல்லாமல் நடந்தே பாருங்கள், அப்புறம் பாதி வேகம், கடைசியில்தான் முழு ஆட்டம். ஒவ்வொரு பிளேக்கும் கத்திச் சொல்ல வசதியாக ஒரு சின்னப் பெயர் வையுங்கள், தெருப் பெயரோ பலகாரப் பெயரோ எதுவானாலும் சரி.