சர்வோ டிரைவ் பொருத்துதல்: டர்பன் பட்டறைகளுக்கான வழிகாட்டி

சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றினால், மூன்று பேஸ்களில் இரண்டை மாற்றிப் போடுவது எலக்ட்ரீசியனின் கை யோசிக்காமலே செய்கிற வேலை. அதே கை, தன் நிலையை அளந்து தானே சரிசெய்துகொள்ளும் சர்வோ மோட்டாரின் யு, வி, டபிள்யூ என்ற மூன்று முனைகளில் அதே வேலையைச் செய்தால், மோட்டார் கட்டுக்கடங்காமல் ஓடிவிடும். இல்லையென்றால் ஓரிடத்தில் உறுமி நின்று, மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான டிரைவில் அலாரம் காட்டும். காந்தப் புலத்தின் திசையும், தண்டின் சுழற்சியை அளக்கும் என்கோடர் சொல்லும் திசையும் ஒன்றாக இருந்தால்தான் சர்வோ தன் நிலையை அறியும். ஆகவே திசையை மாற்ற வேண்டுமானால் டிரைவின் அமைப்பு மதிப்பான பாராமீட்டரில் மாற்ற வேண்டுமே தவிர, வயரில் அல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஜேக்கப்ஸ், பீனிக்ஸ் போன்ற இடங்களில் பழைய மில்லிங் இயந்திரத்தையோ லேத்தையோ கணினி இயக்கும் சி.என்.சி ஆக்கிக்கொள்ள விரும்பும், மோட்டார் வயரிங் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் எல்லைக்கோடு. மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி போர்டிலிருந்து, இயந்திரத்துக்கான மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் ஐசோலேட்டர் வரையிலான இணைப்பு, 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி பதிவு பெற்ற மின்பணியாளர் சரிபார்த்து இணக்கச் சான்றிதழ் தர வேண்டிய பகுதியாகும். அதற்கான வயரிங் நெறி, தென்னாப்பிரிக்கத் தரநிலையான சான்ஸ் 10142-1. அந்தப் பகுதியை அவரிடமே விட்டுவிடுங்கள். ஐசோலேட்டர் பூட்டுப் போடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூட்டின் சாவி, பேனலுக்குள் கை வைப்பவரின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வோல்டேஜ். இங்கே மூன்று பேஸ் என்றால் பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 400 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பல டிரைவ்களின் பெயர்த்தகட்டில் ‘மூன்று பேஸ் 220 வோல்ட்’ என்று இருக்கும். அது பேஸுக்கும் பேஸுக்கும் இடையே 220 என்பதைக் குறிக்கிறது. ‘மூன்று பேஸ்’ என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு 400 வோல்ட்டைக் கொடுத்தால், டிரைவின் உள்ளே நேர்மின்சார (டிசி) வோல்டேஜ் சுமார் 565 வோல்ட்டுக்கு ஏறும்; உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களோ பொதுவாக 400 அல்லது 450 வோல்ட்டுக்கு மேல் தாங்காதவை. அவை வெடிப்பதற்கு ஒரு விநாடி போதும். சிறிய டிரைவ்கள் பலவற்றை ஒரே பேஸிலும் நியூட்ரலிலும் ஓட்டலாம்; கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா, எந்த இரண்டு முனைகளில் கொடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவற்றுக்கு 400-லிருந்து 220-க்கு இறக்கும் மூன்று பேஸ் டிரான்ஸ்பார்மர் தேவை.

இனி நிறங்கள். இந்த நாட்டில் வேலை செய்பவர்கள் நின்று நிதானிக்க வேண்டிய இடம் இதுதான். இங்குள்ள கட்டடங்களில் வழக்கமாகப் பேஸ்கள் சிவப்பு, மஞ்சள் அல்லது வெள்ளை, நீலம், நியூட்ரல் கறுப்பு. ஐரோப்பிய முறையில் வரும் இயந்திரக் கேபிளில் பேஸ்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல், நியூட்ரல் நீலம். கறுப்பும் நீலமும் இரண்டு முறைகளிலும் உண்டு, ஆனால் பொருள் தலைகீழ். பல ஆண்டுகளுக்கு முன், கன்டெய்னரில் வந்த ஒரு பழைய இயந்திரத்துக்கு நான் இணைப்புக் கொடுத்தபோது, கறுப்பைக் கறுப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்த்து, அழகாக முறுக்கி, திருகை இறுக்கி, கதவையும் மூடினேன். மெயினைப் போட்டதும் உள்ளே ‘பட்’ என்று ஒரு சத்தம். பிறகு கருகிய வார்னிஷ் வாடை. பழுப்புக்கும் நீலத்துக்கும் இடையே 230 வோல்ட்டை எதிர்பார்த்துக் காத்திருந்த 24 வோல்ட் பவர் சப்ளைக்கு, இரண்டு பேஸ்களுக்கு இடையிலான 400 வோல்ட் போய்ச் சேர்ந்திருந்தது. அன்று உடன் இருந்த மூத்த எலக்ட்ரீசியன் திட்டவில்லை. “தம்பி, மீட்டர் பையில தூங்குதா?” என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு என் வழக்கம் இதுதான். ஐசோலேட்டரிலிருந்து மின்சாரம் வெளியேறும் முனைகளில் ஒவ்வொரு ஜோடியையும் மீட்டரால் அளந்து, எந்த இரண்டுக்கு இடையே 400, எதற்கும் எதற்கும் 230 என்று தாளில் எழுதுவேன். பின்பு மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு, முன்னர் மின்சாரம் காட்டிய அதே மீட்டரால் இப்போது இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு வயர் முனையிலும் எண் பொறித்த உறையைச் செருகுவேன். நிறத்தைப் பார்த்து எந்த வயரையும் இணைப்பதில்லை.

பேனலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். டிரைவ்களை நிமிர்ந்த நிலையில் பொருத்தி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையேடு கேட்கும் இடைவெளியை விடுங்கள். பின்தகடு பெயின்ட் அடிக்காத கால்வனைஸ் தகடாக இருந்தால், டிரைவின் உடல் முழுவதும் எர்த்தோடு தொடும். டர்பனின் கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம். ஓட்டை போட்டு மின்விசிறி வைத்த பேனலுக்குள் அந்த ஈரத்தோடு கூலன்ட் புகையும் மெல்லிய இரும்புச் சீவலும் சேர்ந்து புகுந்துவிடும். மூடிய பெரிய பேனலை வாங்கி, வெப்பம் அதன் சுவர்கள் வழியாக வெளியேறும்படி விடுவதே மேல் என்பது என் கருத்து. துளையிடும் வேலை அனைத்தும் டிரைவை உள்ளே வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மின்சாரம் வரும் வரிசை: ஐசோலேட்டர், பிரேக்கர், மின்னல் எழுச்சிக்கான தடுப்பு, மின் இரைச்சலை வடிகட்டும் பில்டர், சுருளால் இயங்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர், டிரைவ். டிரைவில் கட்டுப்பாட்டு மின்சாரத்துக்குத் தனி முனைகள் இருந்தால், அதைக் கான்டாக்டருக்கு முன்பிருந்தே எடுங்கள். அவசர நிறுத்தத்தில் மோட்டார் மின்சாரம் போனாலும் டிரைவின் திரையில் அலாரம் எண் அழியாமல் இருக்கும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டரை வைத்து, ஓடும்போது திறக்கக் கூடாது.

ஒவ்வொரு டிரைவின் எர்த் வயரும் தனித்தனியாக ஒரே செம்புப் பட்டைக்கு வர வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாகத் தாவக் கூடாது. பில்டரும் டிரைவும் எர்த்துக்குள் எப்போதும் கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிடுபவை. அந்தக் கசிவு 3.5 மில்லி ஆம்பியரைத் தாண்டும் இடத்தில், எர்த் வயர் 10 சதுர மில்லிமீட்டர் செம்பாகவோ, இரட்டை வயராகவோ இருக்க வேண்டும். இந்தக் கசிவால்தான், சாக்கெட்டில் செருகிய சர்வோ இயந்திரம் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் சாதனத்தை அடிக்கடி தட்டிவிடுகிறது. அதற்காக எர்த் லீக்கேஜைச் சுற்றி வயர் போடுவதும், எர்த்தைக் கழற்றிவிடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். இயந்திரத்துக்குத் தனிச் சர்க்யூட் கேளுங்கள்.

மோட்டார் கேபிளும் என்கோடர் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. இரண்டுக்கும் நடுவே 20 முதல் 30 சென்டிமீட்டர் விட்டு, குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடத்துங்கள். மோட்டார் கேபிளின் பின்னல் உறையை முனையில் திரித்து ஒரு வால்போல எர்த்தில் கட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. இரைச்சல் அதிர்வெண்ணில் அந்த வால் கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம். மேல் உறையை இரண்டு விரற்கடை அளவு வட்டமாகச் சீவி எடுத்து, பின்னலின் ஓர் இழையும் அறாமல் பார்த்து, வெறும் பின்னல்மீது முழுச் சுற்றும் அணைக்கும் உலோகப் பிடியைத் தகட்டில் இறுக்குங்கள். வயர் முனைகளுக்கு ஃபெரூல் என்ற உலோகக் குழலைப் போட்டு நசுக்கிய பின், ஒவ்வொரு வயரையும் விரலால் இழுத்துப் பாருங்கள். நழுவும் வயர் அப்போதே நழுவட்டும்.

செங்குத்து அச்சு தனிக் கவனம் கேட்கிறது. அதன் மோட்டாரில் உள்ள பிரேக், நின்ற சுமையைப் பிடித்து வைப்பதற்கானது. ஓடும் சுமையை நிறுத்துவதற்கு அல்ல. 24 வோல்ட் பிரேக் சுருளை டிரைவின் சிறு வெளியீட்டில் நேராகக் கட்டாமல், ரிலே வழியாகக் கொடுத்து, சுருளுக்குக் குறுக்கே டையோடும் போடுங்கள். எஸ்டிஓ என்ற பாதுகாப்பு உள்ளீடு மோட்டாரின் முறுக்குவிசையை மட்டுமே நீக்கும், முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பிரேக் சேராவிட்டால் தலைப்பகுதி கீழே விழும். அவசர நிறுத்தப் பொத்தான், முதலில் டிரைவுக்கு வேகம் குறைக்கும் கட்டளையைத் தந்து, தாமத ரிலே வழியாக ஒரு நொடிப்பொழுது கழித்துக் கான்டாக்டரை விடுவிப்பதாக அமைவது நல்லது.

2023-இல் பட்ட அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங்கை மறந்து பேனல் கட்ட முடியாது. கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் சுற்றாக இருந்தால், போன மின்சாரம் திரும்பி வரும்போது அது விழுந்தே இருக்கும். யாராவது பொத்தானை அழுத்தினால்தான் இயந்திரம் உயிர் பெறும். சாதாரண சுவிட்ச் வைத்து ஓட்டும் பட்டறையில், கருவியை மாற்றிக்கொண்டிருப்பவரின் கையருகே இயந்திரம் தானாக விழித்துக்கொள்ளும்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன், மோட்டாரை டிரைவிலிருந்து கழற்றி மூன்று சுருள்களின் மின்தடையும் ஏறக்குறைய சமமா, எர்த்தோடு தொடர்பில்லையா என்று பாருங்கள். உயர் வோல்டேஜில் காப்பைச் சோதிக்கும் மெக்கரால் சோதிப்பதென்றால் டிரைவும் என்கோடரும் இணைப்பில் இருக்கவே கூடாது. வேலை முடித்து மின்சாரத்தை நிறுத்திய பின்பும், 230 வோல்ட்டில் ஓடும் டிரைவுக்குள் சுமார் 325 வோல்ட் தேங்கி நிற்கும். சார்ஜ் விளக்கு அணைந்ததை மட்டும் நம்பாமல், கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, நேர்மின்சாரத்தின் பிளஸ், மைனஸ் முனைகளுக்கு இடையே மீட்டரை வைத்து அளந்து பாருங்கள்.

முதல் ஓட்டத்தில் மோட்டார், அச்சை நகர்த்தும் திருகான பால்ஸ்குரூவோடு சேர்ந்திருக்கக் கூடாது. அதை மேசையில் இறுகக் கட்டி, தண்டின் பள்ளத்தில் சாவித்துண்டு (கீ) இருந்தால் எடுத்துவிட்டு, முறுக்குவிசை எல்லையைக் குறைத்து வைத்து, ஒரு கை அவசரப் பொத்தானில் இருக்க, மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சத்தமில்லாமல் இரு திசையிலும் சுற்றி, நிறுத்தியதும் நின்ற இடத்தில் நின்றால், மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிவிட்டு, மோட்டாரைப் பால்ஸ்குரூவோடு இணைக்கும் கப்ளிங்கை மாட்டலாம். அளந்த வோல்டேஜ்களையும் வயர் எண்களையும் எழுதிய அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்து இந்தக் கதவைத் திறப்பவருக்கு எந்த நீலம் பேஸ், எந்த நீலம் நியூட்ரல் என்று தெரிய வேறு வழியில்லை.