பாதி ரோலில் ஃபிலிம் பேக் மாற்றுவது எப்படி? தனுஷ்கோடி மணலில் கற்றது

உச்சி வெயிலில் தனுஷ்கோடியின் நுனியில் உள்ள அரிச்சல்முனையில் நின்றால் வெயில் வானத்திலிருந்து மட்டும் அடிக்காது, மணலிலிருந்தும் அடிக்கும். அந்த நேரம் கேமராவுக்குள் 400 ஐஎஸ்ஓ ஃபிலிம் கிடந்தால் சிக்கல்தான். ஐஎஸ்ஓ எண் கூடக்கூட ஃபிலிமுக்குக் குறைந்த வெளிச்சமே போதும். என்னிடம் இருப்பது ஹாசல்பிளாட் 500சி/எம். அதன் லென்ஸில் ஷட்டர் 1/500 நொடிக்கு மேல் வேகமாகப் போகாது. அந்த வேகத்தில் லென்ஸின் திறப்பு சாதாரண வெயிலுக்கு எஃப் 16, வெள்ளை மணலுக்கு அதைவிடச் சின்னதாக எஃப் 22. 80 மி.மீ. லென்ஸில் அதற்கு மேல் மூட இடமே இல்லை. அதே நாள் பொழுது சாய்ந்த பிறகு பாம்பனில் ஓலைக் கொட்டகைக்குள் கருவாடு பிரிப்பவர்களை எடுக்கப் போனால், 100 ஐஎஸ்ஓ போதாது.

இதற்காகத்தான் பேக், அதாவது ஃபிலிம் இருக்கும் பின்பக்கப் பெட்டி, கழற்றி மாட்டும் கேமரா. ஒரு பேக்கில் 100, இன்னொன்றில் 400. ரோல் பாதியில் இருந்தாலும் கழற்றலாம், ஒரு ஃபிரேமும் வீணாகாது. பிரோனிகா எஸ்கியூ, மாமியா ஆர்பி67 போன்றவற்றிலும் இந்த வசதி உண்டு. ஆனால் பழைய மாமியா 645 1000எஸ் வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும்: அதில் ஃபிலிம் ரோலைத் தாங்கும் உள்சட்டமான இன்சர்ட்தான் தனியாக வரும், பேக் வராது. பாதி ரோலில் ஃபிலிமை மாற்ற முடியாது.

இனி நான் சொல்லப்போவது ஹாசல்பிளாட் 500 வரிசைக்கும் ஏ12 பேக்குக்கும். 120 ரோலில் 6×6 செ.மீ. அளவில் 12 படம் எடுக்கும் பேக் இது.

வீட்டிலேயே ஃபிலிம் போடுங்கள்

கடற்கரையில் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். பேக்கின் இடது பக்கம் இருக்கும் சாவியைத் திருப்பி இழுத்தால் உள்ளிருக்கும் இன்சர்ட் வெளியே வரும். இன்சர்ட்டிலும் பேக்கின் கூட்டிலும் எண் இருக்கும். இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பழைய சந்தையில் வாங்கிய பேக்கில் பல நேரம் பொருந்தாது. ஃபிலிம் தட்டையாக நிற்பதற்காக ஜோடி சேர்த்துச் செய்தவை அவை. பொருந்தாவிட்டாலும் வேலை செய்யலாம், விலை பேசும்போது மட்டும் இதைச் சொல்லிக் குறையுங்கள்.

போன ரோல் முடிந்து காலியான ஸ்பூலைச் சுற்றும் பக்கத்துக்கு மாற்றுங்கள். புது ரோலை அது இருந்த இடத்தில் வையுங்கள். காகிதத்தை எட்டுப் பத்து சென்டிமீட்டர் இழுத்து, இன்சர்ட்டின் பிடிப்புப் பட்டைக்கு அடியில் செருகி, காலி ஸ்பூலில் மாட்டுங்கள். காகிதத்தின் கறுப்புப் பக்கம் வெளியே தெரிய வேண்டும். முதல் தடவை போடுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மாற்றிப் போட்டால் 12 படமும் காகிதத்தில்தான் விழும்! காகிதத்தில் உள்ள அம்புக்குறி இன்சர்ட்டில் உள்ள முக்கோணக் குறிக்கு நேராக வரும்வரை சுற்றுங்கள். இன்சர்ட்டைக் கூட்டுக்குள் தள்ளிச் சாவியைப் பூட்டுங்கள். வலப்பக்கக் கைப்பிடியை விரித்து, அதுவாக நிற்கும்வரை முன்னோக்கிச் சுற்றுங்கள். சுமார் பத்துச் சுற்று வரும். பிறகு பின்னோக்கித் திருப்பி மடக்கினால் எண் 1 காட்டும்.

இப்போதே பேக்கில் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்த ஃபிலிம் என்று எழுதிவிடுங்கள். வெயிலில் எல்லா பேக்கும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மாட்டுவது

கேமராவின் பின்புறம் கீழே இரண்டு சின்னத் தாங்கிகள் இருக்கும். பேக்கின் அடியை முதலில் அவற்றில் உட்கார வையுங்கள். உட்கார்ந்ததை விரல் உணர வேண்டும். பிறகு பேக்கின் மேல்பகுதியைக் கேமராவை நோக்கிச் சாய்த்து, மேலே உள்ள பொத்தானை வலப்பக்கம் தள்ளியபடி மெதுவாக அழுத்துங்கள். ஒட்டியதும் பொத்தானை விட்டு இடப்பக்கம் தள்ளிப் பாருங்கள், சரியாகப் பூட்டியிருக்கும். பலம் காட்டாதீர்கள். உட்காரவில்லை என்றால் எங்கேயோ மணல் இருக்கிறது, அல்லது அடித்தாங்கி சரியாக மாட்டவில்லை.

பேக்கில் செருகி ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடுதான் டார்க் ஸ்லைடு. அது உள்ளே இருக்கும்வரை ஷட்டர் அடிக்காது. அது வெளியே இருக்கும்வரை பேக் கழன்று வராது. கேமரா நமக்காகப் போட்டிருக்கும் இரண்டு பூட்டு இவை. ஆனால் மூன்றாவது பூட்டு ஒன்று இல்லை, அதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு ஜன்னல்கள்

கேமரா உடம்பின் வலப்பக்கம் ஒரு குட்டி ஜன்னல், அதை ஒட்டிப் பேக்கிலும் ஒரு குட்டி ஜன்னல். வைண்ட் என்பது ஷட்டரை அடுத்த படத்துக்குத் தயார் செய்து, மாட்டியிருக்கும் பேக்கில் ஃபிலிமையும் ஒரு ஃபிரேம் நகர்த்துவது. உடம்பு வெள்ளை என்றால் கேமரா வைண்ட் ஆகித் தயார். சிவப்பு என்றால் ஆகவில்லை. பேக் வெள்ளை என்றால் புது ஃபிரேம் காத்திருக்கிறது. சிவப்பு என்றால் அந்த ஃபிரேமில் ஏற்கெனவே படம் விழுந்துவிட்டது.

இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் பிரச்சினை இல்லை. உடம்பு சிவப்பு, பேக் வெள்ளை என்றால் வைண்ட் செய்யும்போது ஒரு ஃபிரேம் சும்மா ஓடிவிடும். உடம்பு வெள்ளை, பேக் சிவப்பு என்றால் படத்தின் மேல் படம்.

என் கதையைக் கேளுங்கள். தனுஷ்கோடியில் ஒரு காலை. 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயத்தின் சுவரைக் கலரில் எடுத்துக்கொண்டிருந்தேன். கரையில் சத்தம் கேட்டது, கரைவலையில் மீன் சேரும் பையான மடி கரைக்கு வரும் நேரம். கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்ற பதற்றத்தில், வைண்ட் செய்யாமல் டார்க் ஸ்லைடைச் செருகி, கலர் பேக்கைக் கழற்றி, மற்றதை மாட்டினேன். வியூஃபைண்டர் இருட்டு. இந்தக் கேமராவில் கண்ணாடி தானாகக் கீழே வராது, வைண்ட் செய்தால்தான் வரும். செய்தேன். அங்கே ஒரு கறுப்பு வெள்ளை ஃபிரேம் போனது. கயிறு இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, பொட்டி பின்னால கழண்டு வந்துருச்சு?" என்றார். சிரித்தேன். அவரைக் கலரிலும் ஒன்று எடுக்கலாம் என்று திரும்பப் பழைய பேக்கை மாட்டி அடித்தேன். ஃபிலிம் கழுவி வந்ததும் பார்த்தால், அவர் நெற்றி வழியாகத் தேவாலயச் சுவர் ஏறிப் போயிருந்தது. ஒரு சோம்பலுக்கு இரண்டு பேக்கிலும் ஒவ்வொரு ஃபிரேம் அபராதம்.

அதனால் பழக்கம் ஒன்றே ஒன்று. படம் எடுத்த கையோடு வைண்ட். அப்போது உடம்பும் பேக்கும் எப்போதும் வெள்ளையில் இருக்கும், எந்த பேக்கை எப்போது மாட்டினாலும் சரி. வியூஃபைண்டர் இருட்டாக இருந்தால் பேக்கில் கை வைக்கவே கூடாது.

மாற்றும் வரிசை

வைண்ட் செய்யுங்கள். இரண்டு ஜன்னலும் வெள்ளையா என்று பாருங்கள். உங்கள் உடம்பின் நிழலில் கேமராவை வைத்து டார்க் ஸ்லைடை முழுவதும் செருகுங்கள். ஒரு மூலையை முதலில் நுழைக்காமல், தபால் பெட்டியில் கடிதம் போடுவதுபோல் நேராக, ஒரே மூச்சில். கோணலாக நுழைத்தால் உள்ளிருக்கும் அடைப்பு ஒரு பக்கம் திறந்து வெளிச்சம் புகும். பிறகு பொத்தானை வலப்பக்கம் தள்ளி, மேற்பக்கத்தைப் பின்னால் சாய்த்துத் தூக்குங்கள். திறந்த பின்புறத்தில் இரண்டு மடல்கள் தெரியும், அவற்றைத் தொடாதீர்கள். அடுத்த பேக்கை மாட்டி, ஜன்னல்களை இன்னொரு முறை பார்த்து, டார்க் ஸ்லைடை நேராக உருவிச் சட்டைப் பையில் போடுங்கள். சட்டைப் பை என்று தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. மணலில் வைத்த ஸ்லைடைத் திரும்பச் செருகினால் அந்த மணல் முழுதும் அடைப்புக்குள் போகும்.

காற்றும் உப்பும்

மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நான் வெளியே நின்று பேக் மாற்றுவதில்லை. காரில் உட்கார்ந்து கண்ணாடி ஏற்றிக்கொள்வேன். கார் இல்லாத நாளில் காற்றுக்கு முதுகு காட்டி, தலையோடு ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும், பார்ப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். கேமராப் பையை மணலில் வைக்காதீர்கள், தோளிலேயே கிடக்கட்டும். வாயால் ஊதவே ஊதாதீர்கள். மணலோடு எச்சிலும் சேரும், ரப்பர் ப்ளோயர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் லேசாக ஈரப்படுத்திப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சில ரோலுக்குப் பிறகு படங்களின் ஒரே ஓரத்தில் வெளிச்சக் கீற்று தெரிய ஆரம்பித்தால் லென்ஸைச் சந்தேகிக்காதீர்கள். டார்க் ஸ்லைடு நுழையும் இடத்தில் உள்ள ஃபோமும் மெல்லிய தகடும் தேய்ந்திருக்கும். சில திருகுகளைக் கழற்றி மாற்றும் வேலைதான், பொறுமை இருந்தால் வீட்டு மேஜையிலேயே செய்துவிடலாம்.